மூக்கைத் தூக்கிய ஜீப்

மைசூரு மேட்டகள்ளியில் குடியிருக்கும் வேலாயுதத்துக்கு எந்தப் பொருளையும் உடனே வாங்கத் தெரியாது. ஒரு மிக்ஸி வாங்க தீபாவளியிலிருந்து யுகாதி வரைக்கும் யோசித்தவர். மெத்தை வாங்கப் போன கடையில் ஒவ்வொன்றாகப் படுத்துப் பார்த்து, மூன்றாவதில் தூங்கியே போனார். கடைக்காரர் வந்து எழுப்பி, ஷட்டரை இழுக்க வேண்டும் என்று சொன்னபோது, எழுந்து உட்கார்ந்து, "இது கொஞ்சம் மெத்துனு இருக்கு, அடுத்ததையும் பார்த்துடலாம்" என்றாராம். இதை அவர் மனைவி உமாதேவி வீட்டுக்கு வரும் எல்லோரிடமும் சொல்லுவாள்.

வேலாயுதம் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் வேலை பார்க்கிறார். போல்ட், நட்டு, பேரிங் என்று யார் எதைக் கேட்டாலும் நொடியில் எடுத்துக் கொடுத்துவிடுவார். அங்கே தயக்கமே கிடையாது. வேண்டியது எது என்று அவர்களே சொல்லிவிடுகிறார்களே!

அப்படிப்பட்டவர் ஒரு பழைய ஜீப் வாங்கியதற்குக் காரணம் அவருடைய மச்சான் ஜடையன். உமாதேவியின் அண்ணனான ஜடையன் ஹனூர் பக்கத்தில் விவசாயம் செய்பவர். ஒரு மழைக்காலத்தில் அவர் தோட்டத்துக்குப் போன வேலாயுதத்தின் சின்னக் கார் சேற்றில் இறங்கி உட்கார்ந்துவிட்டது. ஜோடி மாட்டைப் பூட்டி இழுத்தார்கள். மாமனார் வீட்டுச் சனம் முழுவதும் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தது. அன்றைக்கே முடிவு செய்தார், அடுத்த தடவை ஜீப்பில்தான் வருவது என்று. முடிவை நிறைவேற்ற மூன்று வருடம் ஆனது.

குடகில் காபித் தோட்டம் வைத்திருந்த ஒருவரிடமிருந்து வந்தது அந்த ஜீப். காட்டுப் பாதையில் ஓட்டுவதற்காக, பெரிய ஸ்பிரிங் போட்டு வண்டியை மூன்று அங்குலம் தூக்கியிருந்தார் அவர். உமாதேவி ஏறுவதற்கு ஒரு பிளாஸ்டிக் முக்காலி வேண்டியிருந்தது. முக்காலியும் வண்டியோடு ஊர் ஊராகப் போய்வந்தது. ஒரே குறை, முன்பக்கம் இடது ஸ்பிரிங் தளர்ந்துபோயிருந்தது. காது கேட்காதவர் தலையைச் சாய்த்துக்கொண்டு "என்ன?" என்று கேட்பதுபோல ஜீப் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றது.

மண்டி மொஹல்லாவில் பட்டறை வைத்திருக்கும் உதயகுமாரிடம் வண்டியைக் கொண்டுபோனார். உதயகுமார் குனிந்து பார்த்துவிட்டு, முன்பக்கம் ரெண்டு ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும் என்றான்.

"மாத்திடு."

"எதைப் போடட்டும் சார்? மூணு தினுசு இருக்கு. வண்டி இப்ப இருக்கிற மாதிரியே இருந்தா சாதா. முன்னாடி இரும்பு பம்பர் போட்டா அதைவிடக் கெட்டி. பம்பரோட வின்ச்சும் போட்டா எல்லாத்தைவிடவும் கெட்டி. முன்னாடி எவ்ளோ வெயிட் விழுதுன்னு பார்த்து நீங்களே சொல்லிடுங்க. மாட்டுற வேலை மாத்திரம் என் கெலசா."

வின்ச் என்பது வண்டியின் முன்னால் பொருத்தும் கம்பிவடச் சுருள். சேற்றில் மாட்டினால் எதிரே இருக்கும் மரத்தில் வடத்தைக் கட்டி, வண்டி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளலாம். மாடு வேண்டாம் என்று கேட்டதும் வேலாயுதத்தின் கண் கொஞ்சம் மின்னியது. ஆனால் உதயகுமார் மூன்று வழி காட்டியிருந்தான். இனி அவருக்கு எங்கே தூக்கம் வரும்?

ஞாயிற்றுக்கிழமை, எடைபோடப் போகலாம் என்று உமாதேவியைக் கூப்பிட்டார்.

"ஜீப்பை எடை போட நான் எதுக்குங்க?"

"நீதானே எப்பவும் முன்சீட்டுல உட்கார்றே? உன் வெயிட்டும் சேர்த்துத்தானே பார்க்கணும்?"

உமாதேவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். "போங்க பார்க்கலாம்."

நஞ்சன்கூடு ரோட்டில் இருந்தது லாரிகளை எடைபோடும் இடம். கண்ணாடி அறைக்குள் மைக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த கெம்பம்மா, லாரிகளுக்கு நடுவே நுழைந்த ஜீப்பைப் பார்த்து, லோடு எங்கே என்பதைக் கன்னடத்தில், "லோடு எல்லி சார்?" என்று கேட்டார். லோடு இல்லை, முன்சக்கரம் மட்டும் மேடையில் ஏறினால் போதும் என்று வேலாயுதம் விளக்கினார். அரை வண்டிக்கு எடை போட்டுத் தனக்குப் பழக்கமில்லை, முதலில் முழு வண்டியும் ஏறட்டும் என்று கெம்பம்மா சொல்லிவிட்டார்.

ஏற்றினார். எண்ணைக் குறித்துக்கொண்டார். உமாதேவியை இறங்கச் சொன்னார். மேடம் இறங்கிவிட்டார் என்று மைக்கில் கெம்பம்மாவின் கன்னடக் குரல் ஊருக்கே கேட்டது.

"மேடம் இளிதரு. அறுவது கம்மி."

பின்னால் நின்ற லாரி டிரைவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அடுத்து வேலாயுதம் இறங்கினார்.

"சார் இளிதரு. நூறு கம்மி." பிறகு, தமிழ்க்காரர்கள் என்று தெரிந்துகொண்டு, புரியும்படியே சொன்னார்: "எக்ஸ்ட்ரா வெயிட் மேடமுது அல்ல. சாருது!"

லாரிக்காரர்கள் சிரித்த சிரிப்பில் ஒருவருக்குப் புரையேறியது. கல்யாணத்தின்போது இருந்த எழுபது கிலோவையே இத்தனை நாளும் தன் எடையாக நம்பிக் கணக்குப் போட்டுவந்தவர் வேலாயுதம். உமாதேவி வீடு வந்து சேரும்வரை ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள்.

முன்சக்கரங்களையும் தனியாக எடைபோட்டு வந்திருந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அதன்படி பார்த்தால் சாதா ஸ்பிரிங்கே போதும். அதை வாங்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்த வாரமே, ஜீப்பும் அதன் உதிரிச் சாமான்களும் விற்கும் மனோஜ்குமாரின் கடைக்குள் அவர் நுழைந்தார். மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றையும் மனோஜ்குமார்தான் நடத்தினான். அவன் எடைக் கணக்கைக் கேட்கவே இல்லை. வேலாயுதத்தை மேலும் கீழும் பார்த்தான்.

"சார், இன்னிக்கு வின்ச் இல்லை, ஒப்புக்கிறேன். ஆனா உங்களைப் பார்த்தா வின்ச் போடுற ஆளு மாதிரியே இருக்கீங்க."

வேலாயுதத்தை இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. நெஞ்சு ஒரு அங்குலம் நிமிர்ந்தது. மூன்றிலும் கெட்டியான ஸ்பிரிங்கைக் கட்டிக்கொண்டு வந்தார். வின்ச்சும் பம்பரும் அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

உதயகுமார் மாட்டிக் கொடுத்தான். மாட்டியதும் ஜீப் முன்பக்கம் எழும்பி நின்றது. வாசலில் சண்டைக்கு வந்தவன் முகவாயைத் தூக்கிக்கொண்டு நிற்பானே, அந்த நிலை. வேலாயுதம் நான்கு பக்கமும் சுற்றிவந்து போட்டோ எடுத்தார். உமாதேவி முக்காலிமேல் ஏறியும் எட்டவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பினாள்.

அடுத்த வாரம் ஜடையனின் பேரனுக்குக் காதுகுத்து. ஜீப்பை மாமனார் வீட்டில் காட்டுவதற்கு அதைவிட நல்ல நாள் ஏது?

மைசூரைத் தாண்டியதுமே தொல்லை ஆரம்பித்தது. நானூறு சொச்சம் கிலோ ஏற்றினாலும் அசராத ஸ்பிரிங், இரண்டு பேரைக் கண்டு வளைந்து கொடுக்குமா? சாலையில் ஒரு கூழாங்கல் கிடந்தால்கூட அது முதுகெலும்பில் தெரிந்தது. முதல் ஹம்ப்பில், அதாவது வேகத்தடையில், உமாதேவியின் தலை கூரையில் இடித்தது. இரண்டாவது ஹம்ப்பில் கொண்டையிலிருந்த பூ அவர் மடியில் வந்து விழுந்தது.

"ஏனுங்க, இது ஜீப்பா, மாவு சலிக்கிற சல்லடையா?"

"புது ஸ்பிரிங் உமா. ஓட ஓட இறங்கிடும்."

"அது இறங்கறதுக்குள்ள நான் இறங்கிக்கறனுங்க."

சொன்னபடியே டி. நரசிபுரா பஸ் நிலையத்தில் இறங்கிவிட்டாள். கொள்ளேகால் வழியாக ஹனூர் போகும் அரசு பஸ் நின்றிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டாள். வேலாயுதம் பஸ்ஸுக்குப் பின்னாலேயே குதித்துக் குதித்து வந்தார். கொஞ்ச தூரத்தில் பஸ் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. அவர் ஹனூர் போய்ச் சேர்ந்தபோது, உமாதேவி முகம் கழுவி, டீ குடித்து, காதுகுத்துக்கு மாற்றுச் சேலையும் கட்டியிருந்தாள்.

ஜடையன் வாசலுக்கு வந்து ஜீப்பைப் பார்த்தார். "வாங்க மாப்ளே. என்னுங்க இது, வண்டி வானத்தைப் பார்த்துக்கிட்டு நிக்குது?"

வேலாயுதம் வின்ச்சைப் பற்றிச் சொன்னார். ஜடையன் வண்டியின் முன்னால் குனிந்து தேடினார்.

"எங்கீங்க வின்ச்சு?"

"வாங்கணும்."

"ஓ," என்றார் ஜடையன்.

ஜடையனிடமும் ஒரு ஜீப் உண்டு. இதே ரகம், தூக்காதது. முன்னால் இரும்புச் சட்டம் அடித்து, அதன்மேல் தண்ணீர் இறைக்கும் டீசல் மோட்டாரை முடுக்கி வைத்திருந்தார். வயலுக்கு வயல் கொண்டுபோக வசதி. கழற்றி மாட்ட அரை நாள் ஆகும் என்பதால் கல்யாணம், கருமாதி எல்லாவற்றுக்கும் அந்த மோட்டாரும் வந்தது. அந்தப் பாரத்தில் வண்டியின் மூக்கு தரையை முகர்ந்துகொண்டே போகும்.

குலசாமி கோயில் பாலாறு தாண்டி, தமிழ்நாட்டுப் பக்கம் இருந்தது. இரண்டு ஜீப்பிலும் சனத்தை ஏற்றிக்கொண்டு போய், மொட்டை போட்டு, காது குத்தி, கறிச்சோறு தின்று கிளம்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. வேலாயுதத்தின் ஜீப்பில் பின்பக்கம் ஆறு பேர், இரண்டு அண்டா, ஒரு மூட்டை அரிசி. பின்பக்கம் தாழ்ந்ததும் முன்பக்கம் இன்னும் எழும்பியது. விளக்கைப் போட்டார். வெளிச்சம் சாலையில் விழவில்லை, புளியமரத்துக் கிளைகளில் விழுந்தது. தூங்கப் போன காக்கைகள் கத்திக்கொண்டு எழுந்தன.

பாலாறு செக்போஸ்ட்டில் வனக்காவலர் கையைக் காட்டி நிறுத்தினார். வெளிச்சம் போன திசையில் அண்ணாந்து பார்த்தார்.

"மரத்து மேல யாரைத் தேடுறீங்க சார்? சிறுத்தையா?"

"இல்லை சார். ஸ்பிரிங்."

"ஸ்பிரிங் மரத்து மேலயா இருக்கு?"

பின்னால் உட்கார்ந்திருந்த சித்தம்மா, ஜடையனின் மனைவி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். காவலர் சிரிக்காமல் அனுப்பி வைத்தார். முன்னால் ஜடையனின் ஜீப் போனது. அதன் விளக்கு மூக்குக்குக் கீழே ஒரு பாய் அளவு தார் ரோட்டை மட்டும் காட்டியது. பின்னால் வேலாயுதம் வானத்துக்கு வெளிச்சம் அடித்துக்கொண்டு வந்தார். நடுவே இருந்த சாலை யார் கண்ணுக்கும் படவில்லை. வளைவு தெரிந்தால் சத்தம் போடும்படி பின்சீட்டு ஆட்களிடம் சொல்லி, மாட்டு வண்டி வேகத்தில் மலையேறி வீடு வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் காலை வேலாயுதம் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு களத்துக்கு வந்தார். இரண்டு ஜீப்பும் எதிரெதிரே நின்றன. ஒன்று நிமிர்ந்து விறைத்திருந்தது. மற்றது அதன் முன்னால் குனிந்து கும்பிட்டுக்கொண்டிருந்தது. வேலாயுதம் குச்சியைத் துப்பினார்.

"மச்சான், ஜாக்கி இருக்குதா?"

ஜடையன் வெளியே வந்தார். "எதுக்குங்க மாப்ளே?"

"என் ஸ்பிரிங் நாலையும் உங்களுக்குப் போடலாம். உங்களுது நாலையும் எனக்குப் போடலாம். ரெண்டும் ஒரே வண்டிதானே?"

வீட்டுக்குள்ளிருந்து உமாதேவி ஓடிவந்தாள். யோசித்துவிட்டுத்தான் பேசுகிறீர்களா என்று கேட்டாள்.

"யோசிக்க என்ன இருக்கு?"

இந்த வாக்கியம் அவர் வாயிலிருந்து இதற்குமுன் வந்ததே இல்லை. உமாதேவி அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது தயங்கியது ஜடையன்தான். "உங்களுது புதுசுங்க, என்னுது பழசுங்க. அதுமில்லாம உங்க வண்டி உயரம் போயிருமுங்களே. ஊருல போயி யோசிச்சுப்போட்டுச் சொல்லுங்க."

"ஊருக்குப் போனா சொல்லமாட்டேன் மச்சான். இப்பவே கழட்டுங்க."

சக்கரங்களுக்குக் கல் வைத்து, வண்டியின் அடிச்சட்டத்தை ஜாக்கியில் தூக்கி, அடியில் மரக்கட்டை கொடுத்தார்கள். கைகால் முழுக்கக் கரியாகி, விரல் ஒரு முறை நசுங்கி, மத்தியானச் சோறு ஆறிப்போனபிறகு வேலை முடிந்தது. கட்டையை எடுத்தார்கள். டீசல் மோட்டாரைச் சுமந்த ஜடையனின் ஜீப், பல வருடத்துக்குப் பிறகு தரைக்குச் சமமாக நிமிர்ந்து நின்றது. வேலாயுதத்தின் ஜீப் மெல்ல மூச்சுவிட்டபடி இறங்கி, அதுவும் நேராக நின்றது. சித்தம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்து, "இப்பத்தானுங்க ரெண்டும் சம்பந்தி மாதிரி நிக்குது" என்றாள்.

வேலாயுதம் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டார். மனோஜ்குமாரிடமிருந்து உடனே பதில் வந்தது: "சார், ஹைட் போயிடுச்சே! டிராஃபிக்ல உங்களை யாரும் பார்க்கமாட்டாங்க." வேலாயுதம் அதைப் படித்துவிட்டு, ஃபோனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

திரும்பும்போது உமாதேவி பஸ்ஸில்தான் வருவேன் என்றாள். கொள்ளேகால் வரை வந்து பார், பிடிக்காவிட்டால் இறங்கிக்கொள் என்று கெஞ்சி ஏற்றினார். முதல் ஹம்ப் வந்தது. உமாதேவி இரண்டு கையாலும் கூரையைப் பிடித்துக்கொண்டாள். வண்டி ஏறி, இறங்கி, போய்விட்டது. இரண்டாவதற்கு ஒரு கை. கொள்ளேகால் வருவதற்குள் கை இரண்டும் மடியில் இருந்தன. தலை சாய்ந்து, வாய் லேசாகத் திறந்து, அவள் தூங்கிப்போயிருந்தாள்.

இரண்டு நாள் விருந்து வேலை அவளுக்கு. வேலாயுதம் கண்ணாடியை ஏற்றிவிட்டார். நரசிபுராவில் வழக்கமாக டீ குடிக்கும் கடை வந்தது. தொண்டை வறண்டிருந்தும் நிறுத்தவில்லை. எதிரே வந்த லாரி ஹாரன் அடித்தபோது, டிரைவரைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டினார். அந்த ஆள் என்ன நினைத்தானோ, இன்னும் ஒரு தடவை நீளமாக அடித்துவிட்டுப் போனான். அப்போதும் அவள் விழிக்கவில்லை.

வாசலில் வண்டி நின்றதும்தான் கண்ணைத் திறந்தாள். வீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, டீக்கு நிறுத்தவே இல்லையா? ஒரு மனுசிக்கு டீ வேணுமான்னு ஒரு வார்த்தை கேக்கக் கூடாதுங்களா?"

வேலாயுதம் பையை இறக்கிவைத்துவிட்டு, பால் வாங்க முக்குக் கடைக்கு நடந்தார்.