இருபதில் பதினொன்று பிழையல்ல

நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரில், மனுரேவாவில் நாங்கள் இருக்கும் தெருவிலிருந்து கடல் தெரியாது. சமையலறைச் சன்னல் வழியாகத் தெரிவன பதினான்கு கூரைகள், ஒரு கிடங்கின் தகரச் சுவர், ரயில் பாதைக்கு மேலே ஓடும் மின்கம்பிகள். ஆனாலும் நாள்தோறும் காலை ஏழு பத்துக்குப் பக்கத்து வீட்டு ஆல்பி தன் பின்வாசல் படியில் வந்து நின்று, நெற்றியில் கையை வைத்து மேற்கே பார்த்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கம் நிற்கும் எனக்கு ஒரு செய்தி சொல்வார். "நோ போட் டுடே, மாஸ்டர்." இன்றைக்குப் படகு இல்லை. நான் "ஓகே ஆல்பி" என்பேன். அவர் தேநீர் போட உள்ளே போய்விடுவார். அவ்வளவுதான். ஆறு வருடமாக இது நடக்கிறது. மழை நாட்களையும், நான் சளியில் படுத்திருந்த நாட்களையும், அவர் மகள் வீட்டுக்குப் போன நாட்களையும் கழித்துவிட்டால் ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு தடவை அந்த வாக்கியத்தைக் கேட்டிருக்கிறேன். எண்ணுவது என் வியாதி என்பாள் மனைவி மனோ. அது என் மருந்து என்பேன் நான்.

ஆல்பிக்கு என்னைவிட நான்கு வயது கூட. மாநிறம். மகனுடைய ஸ்பொன்சரில் நானும் மனோவும் இங்கே வந்து இறங்கிய வாரம், சட்டி நிறைய மீனும் தேங்காய்ப்பாலும் கொண்டுவந்து தந்தவர் அவர். அவர் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு, இவரும் எங்களைப் போல வேறொரு பாஷைக்காரர், பிற்காலத்தில் ஆங்கிலம் படித்தவர் என்று முடிவு கட்டிவிட்டேன். யாழ்ப்பாணத்தில் முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவன் வேறு எப்படி முடிவு கட்டுவான்? ஆக்லாந்தில் சொல்லின் கடைசி 'ர்' யார் வாயிலும் நிற்காது. வாட்டர் என்பது வாட்டா, மாஸ்டர் என்பது மாஸ்டா. ஆல்பியோ அந்த 'ர்'ரைக் கூழாங்கல்லைப் போல வாய்க்குள் உருட்டித்தான் வெளியே விடுவார். ஹவுஸ் என்பது அவருக்கு அவுஸ். நன்றிக்கடனாக அவருடைய உச்சரிப்பைத் திருத்திக் கொடுப்போம் என்று நினைத்தேன். தினமும் வேலியடியில் நின்று "ஹ, ஹ" என்று மூச்சை விட்டுக் காட்டுவேன். அவரும் பணிவாக "ஹ, ஹ" என்பார். மாஸ்டர் என்ற பெயர் எனக்கு வந்தது அப்படித்தான். ஆறு மாதம் கழித்துத்தான், உமது தாய்மொழி எது என்று அவரிடம் கேட்டேன்.

"இதுதான்," என்றார்.

"எது?"

"இப்ப கதைக்கிறனே, இதுதான். வேற ஒண்டும் எனக்குத் தெரியாது, மாஸ்டர்."

அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். அன்று எனக்கு முகம் சுட்டது. பசிபிக் கடலின் நடுவே ஒரு பவளத் தீவு அவருடைய ஊர். பெயரை எழுதமாட்டேன், அவர் புறப்பட்டபோது அங்கே அறுபத்து மூன்று பேர். அத்தனை சிறிய ஊரின் பெயரைச் சொன்னால் ஆளின் பெயரைச் சொன்னது போலாகிவிடும். ஐந்தாறு தலைமுறைக்கு முன், இங்கிலாந்தின் மேற்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த ஒருவர், தீவுப் பெண்களோடு அங்கே குடும்பமாகிவிட்டார். பிள்ளைகளுக்கு அவர் கொடுத்தது தன் ஊர் ஆங்கிலம். கப்பல் வருடத்துக்கு மூன்று தடவை வரும். கடல் விட்டால் நான்கு. மற்றக் காலைகளில் கடலைப் பார்த்துவிட்டு, இன்றைக்குப் படகு இல்லை என்று சொல்வதுதான் ஊர் வழக்கம். அந்தக் கிராமத்தில் இருந்தவர்கள் ரயில் ஏறிப் பட்டணம் போனார்கள், வானொலி கேட்டார்கள், பேச்சை மாற்றிக்கொண்டார்கள். அவர்கள் கழற்றிப் போட்ட 'ர்', பாதி உலகம் தாண்டித் தென்னை மரங்களுக்குக் கீழே பத்திரமாக இருந்திருக்கிறது. தூரம்தான் அதைக் காப்பாற்றியது என்று நான் சொன்னேன். ஆல்பி ஒப்புக்கொள்ளவில்லை.

"தூரமா? எங்கட தீவில அதைக் கேட்டுச் சிரிக்க ஆள் இல்லை, மாஸ்டர். அவ்வளவுதான்."

அந்தப் பதிலோடு நான் நெடுநாள் வாழ்ந்திருக்கிறேன். நானும் தீவில் பிறந்தவன். யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, வள்ளத்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் நெடுந்தீவு. பதினொரு வயதில் பட்டணத்துக் கல்லூரி விடுதியில் சேர்த்தார்கள். முதல் வாரம் எழுந்து நின்று ஒரு பத்தி வாசித்தேன். வகுப்பில் முப்பத்து நான்கு பேர். முப்பத்து மூன்று பேர் சிரித்தார்கள், மிச்சம் நான். "தீவான்ரை இழுவையைப் பாரடா" என்று பின் வரிசை வாங்கிலிருந்து ஒருவன் கத்தினான். எங்கள் பக்கத்தில் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை மேலே தூக்கி, கொஞ்சம் இழுத்து விடுவோம். அந்தத் தவணை முடிவதற்குள் அதைத் துப்புரவாகக் கழுவிவிட்டேன். பிறகு விடுமுறைக்குத் தீவுக்குப் போனாலும் பட்டணத்துப் பேச்சுத்தான். திருமணமாகி நாற்பத்து நான்கு வருடம். நல்லூரில் பிறந்த மனோ என் வாயில் அந்த இழுவையை ஒருநாளும் கேட்டதில்லை. நான் ஆசிரியனான பிறகு, அதே தீவுகளிலிருந்து வந்த பிள்ளைகளை எழுப்பி வாசிக்க விட்டிருக்கிறேன். வகுப்பு சிரித்தபோது நானும் சிரித்திருக்கிறேன். எத்தனை தடவை என்று தெரியாது. நான் எண்ணாமல் விட்டவை சில உண்டு. அவற்றில் அது ஒன்று.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். ஆல்பி வழக்கத்தைவிட நான்கு நிமிடம் பிந்திப் படிக்கு வந்தார். மேற்கே பார்த்தார். "நோ போட் டுடே, மாஸ்டா," என்றார். நான் "ஓகே ஆல்பி" என்று திரும்பி இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடி வரவில்லை.

"ஆல்பி, இன்னொருக்காச் சொல்லும்."

"நோ போட் டுடே, மாஸ்டா."

சிரிக்கச் சொன்னேன். சிரிப்பு இரண்டு பக்கமும் நேராகத்தான் இருந்தது. கைகளைத் தூக்கச் சொன்னேன், தூக்கினார். "உமது 'ர்' எங்கே?" என்று கேட்டேன்.

"என்ன 'ர்'? நான் நல்லாத்தான் இருக்கிறன். திரும்பவும் ஃபயர் எஞ்சினைக் கூப்பிட்டிடாதையும்."

அந்தக் குத்தல் நியாயமானது. நாங்கள் வந்த புதிதில், அவர் தோட்டத்தில் குழி வெட்டிக் கல்லைச் சுடவைத்து இறைச்சி அவித்த நாளில், புகையைக் கண்டு அவசர எண்ணான ஒன்று ஒன்று ஒன்றை அழைத்தவன் நான். இரண்டாவது தடவை, மனோ அயர்ந்து தூங்கியதை மயக்கம் என்று நினைத்து அழைத்தேன். இப்போது மனோ சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் நல்லாத்தானே நிக்கிறார். மூண்டாந்தரமும் கூப்பிட்டா எங்கட விலாசத்தைக் கறுப்பு மையில எழுதி வைச்சிடுவாங்கள்."

ஆல்பியின் மகள் ரூத்துக்குப் போன் எடுத்து, தகப்பனோடு பேசச் சொல்லி வேலிக்கு மேலால் கொடுத்தேன். ரூத் இங்கே பிறந்தவர், பாபடோயிட்டோயில் வேலை. ஒரு நிமிடம் பேசியபின் என்னிடம் சொன்னார். "அப்பாவுக்கு ஒண்டும் இல்லை, மாஸ்டா. சொல்லப்போனா இண்டைக்கு வழக்கத்தைவிடத் தெளிவாக் கதைக்கிறார்."

அந்தத் 'தெளிவு' என்ற சொல்லில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. ஆல்பி அன்று ஆக்லாந்துக்காரரைப் போலப் பேசிக்கொண்டிருந்தார். மகளுடைய காதுக்கு அது திருத்தமாகக் கேட்டது. எழுபத்தொன்பது வருடம் வாயில் உருண்ட கூழாங்கல் ஒரே இரவில் கரைந்து போகுமா? நான் எண்ணை அழுத்தினேன். எடுத்த பெண் என்ன பிரச்சினை என்று கேட்டார். முப்பத்தொரு வருடம் ஆங்கிலம் படிப்பித்தவனுக்கு ஒரு வாக்கியம்தான் வந்தது. "என் பக்கத்து வீட்டுக்காரருடைய 'ர்' போய்விட்டது."

மறுமுனையில் இருந்தவர் சிரிக்கவில்லை. இதை எழுதும்போதும் அந்த முகம் தெரியாத பெண்ணுக்குக் கை கூப்புகிறேன். "அவர் வழக்கமாகப் பேசுவதுபோல இப்போது பேசவில்லை என்கிறீர்களா?" என்று மட்டும் கேட்டார். ஆயிரத்து எண்ணூறு தடவை கேட்டிருக்கிறேன், இது அவருடைய பேச்சில்லை என்றேன். ஆம்புலன்ஸ் வருகிறது என்றார். பதினொரு நிமிடத்தில் வந்தது. அதற்குள் ஆல்பி படியின் கைப்பிடியை இடக்கையால் பிடிக்கப் போய், கை நழுவி, அந்தக் கையையே அந்நியனைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பாரிசவாதம், அதாவது பக்கவாதம். நேரத்தோடு கொண்டுவந்ததால் பிழைத்தார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கு நன்றி சொல்லத் தேவையில்லை, உங்கள் அப்பாவின் முப்பாட்டனாருக்குச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. எனக்கும் அப்போது விளக்கத் தெம்பில்லை.

உயிர் மீண்டது, பேச்சு மீளவில்லை. சொற்கள் ஈரத்துணி போல விழுந்தன. மூன்றாவது வாரம் பேச்சுப் பயிற்சி தரும் இளம் பெண் ஒருவர் வந்தார். படங்களைக் காட்டிச் சொல்லச் சொன்னார். பிழையானவற்றுக்குத் தாளில் புள்ளடி போட்டார். நான் மூலைக் கதிரையில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டின் படத்துக்கு ஆல்பி மிகச் சிரமப்பட்டு "அவுஸ்" என்றார். புள்ளடி. "ஹ" என்று அந்தப் பெண் மூச்சை விட்டுக் காட்டினார். ஆல்பி கண்ணைத் திருப்பி என்னைப் பார்த்தார். வேலியடியில் ஆறு மாதம் பணிவாக மூச்சு விட்ட அதே முகம். இவரை இப்படியே குணப்படுத்தினால், வீட்டுக்கு வரப்போவது வேறு யாரோ ஒருவர்.

"மன்னிக்க வேண்டும்," என்று எழுந்தேன். "இருபது புள்ளடி போட்டிருக்கிறீர்கள். இருபதில் பதினொன்று பிழையல்ல."

வெளியே போங்கள் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். என் நாட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் பக்கத்து வீட்டுக் கிழவன் இப்படி எழுந்து நின்றால் அதுதான் நடக்கும். அவர் பேனையை மூடிவிட்டுக் கேட்டார். "முன்பு எப்படிப் பேசுவார்? ஏதாவது பதிவு இருக்கிறதா?"

ரூத்தின் தொலைபேசியில் முப்பத்தேழு வீடியோக்கள் இருந்தன. எல்லாவற்றிலும் ஆல்பி கை காட்டுகிறார், சாப்பிடுகிறார், பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். பேச்சு இல்லை. "வீடியோ எண்டா அப்பா வாயைத் திறக்கமாட்டார்," என்றார் ரூத். "இஞ்ச வந்த புதிசில வேலைத்தலத்தில அவரைப் போலக் கதைச்சுக் காட்டிச் சிரிப்பாங்களாம்."

அப்படியென்றால் இங்கேயும் சிரித்திருக்கிறார்கள். அவர் மட்டும் என்னைப் போலக் கழுவிவிடவில்லை.

"நீங்கள் சொல்லிக் காட்டுவீர்களா?" என்று அந்தப் பெண் என்னைக் கேட்டார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, நெற்றியில் கை வைத்து, ஆல்பியின் வாயால் பேசினேன். "நோ போட் டுடே, மாஸ்டர்." பிறகு வாட்டர், அவுஸ், இன்னும் பதினேழு சொற்கள். நெடுந்தீவுக்காரன் ஒருவன் யாழ்ப்பாணத்தில் கற்ற ஆங்கிலத்தால், இங்கிலாந்துக் கிராமத்துப் பேச்சை, பவளத் தீவு வழியாக, மனுரேவாவுக்குத் திருப்பிக் கொண்டுவருகிறான். ஆல்பி கோணல் வாயால் சிரித்தார். நோயில் விழுந்தபின் முதல் சிரிப்பு. அந்தப் பெண் அதைப் பதிவு செய்துகொண்டு, பதினொரு புள்ளடிகளையும் ஒவ்வொன்றாக வெட்டினார். முப்பத்தொரு வருடம் சிவப்பு மையால் புள்ளடி போட்டவன் நான். போட்ட புள்ளடியைத் திரும்ப வாங்கலாம் என்று எழுபத்தைந்து வயதில், என் மகனின் வயதுகூட இல்லாத ஒருத்தியிடம் கற்றேன். பிறகு ஒன்பது வியாழக்கிழமைகள் போனேன். ரயிலில் போய் ரயிலில் வந்தேன்.

ஆல்பி வீட்டுக்கு வந்து இது ஐந்தாவது வாரம். முதல் நான்கு வாரமும் ஏழு பத்துக்குப் படிக்கு வருவார், ஊன்றுகோலில் சாய்ந்து மேற்கே பார்ப்பார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போவார். நான் வேலியடியில் நிற்பேன். கேட்கப் பயம். 'ர்' வந்துவிட்டதா என்று கேட்டு, வரவில்லை என்று தெரிந்துவிட்டால் என்ன செய்வது? இருபத்தெட்டுக் காலைகள் அப்படிப் போயின.

இன்று இருபத்தொன்பதாவது. நல்ல வெயில். அவர் நெற்றியில் கை வைத்தார். உதடு இரண்டு தடவை அசைந்தது.

"நோ... போட்... டுடே." மூச்சு எடுத்தார். "மாஸ்டர்."

'ர்' முழுதாக உருளவில்லை. கொஞ்சம் தடக்கி, ஓரம் தேய்ந்து வந்தது. ஆனால் வந்தது. கேட்டுக்கொண்டு நின்ற எனக்கு ஓகே என்ற சொல் வரவில்லை. வாய் தானாகத் திறந்து, அறுபத்து நான்கு வருடத்துக்கு முன் கழுவிவிட்டேன் என்று நினைத்திருந்த இழுவையில், கடைசிச் சொல்லை மேலே தூக்கி விட்டது.

"ஓம் ஆல்பி, இண்டைக்கு வள்ளம் இல்லை."

அவருக்குத் தமிழ் தெரியாது. தலையை ஆட்டினார், சரியான பதில்தான் என்பது போல. சமையலறைச் சன்னல் திறந்தது.

"ஆரது?" என்று மனோ கூப்பிட்டாள். "தீவுப்பக்கத்து ஆள் ஆரோ கதைக்கிற சத்தம் கேக்குது. ஆர் வந்திருக்கினம்? தேத்தண்ணி போடட்டே?"

பதினான்கு கூரைகளுக்கு அப்பால் கடல் இல்லாத வானத்தை ஆல்பி இன்னும் பார்த்துக்கொண்டு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் எத்தனை பேர் நிற்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். கணக்குச் சரிவரவில்லை, ஓர் ஆள் கூட வந்தது. தேத்தண்ணி போடு என்றேன்.