மடுல்கெல்லைக் கலியாணமும் நான் போட்ட இரண்டு முடிச்சும்

வைகாசியில் மடுல்கெல்லைக்குப் போய்வந்தேன். அது எங்கே இருக்கிறது, எப்படிப் போவது என்று இந்தப் பக்கத்தை வாசிக்கிற சிலர் கேட்டிருந்தீர்கள். வழி சொல்கிறேன். ஆனால் வழியை மட்டும் சொல்லிவிட்டு எழும்பிப்போக என்னால் முடியாது. போன காரியத்தையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காரியம் கலியாணம். கொழும்பில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை செய்கிற ரமேஷுக்கு. அழைப்பிதழ் ரமேஷுடையது, நான் போனது அவருடைய தம்பி செல்வனுக்காக. செல்வனுக்குக் கண்டியில் வங்கி வேலை. போன வருடம் ஏதோ பயிற்சிக்காகக் கொழும்பில் அண்ணனோடு தங்கியிருந்தபோது மூன்று பேருமாக வெள்ளவத்தையில் கொத்துரொட்டி சாப்பிடப் போவோம். அவர் திரும்பிப் போன பிறகு போனில் பேச்சு. எல்லாம் பேசுவோம், அந்த ஒன்றைத் தவிர. இந்தக் கலியாணத்தில் எப்படியாவது அதைச் சொல்லிவிடுவது என்று முடிவுகட்டித்தான் பையை அடுக்கினேன். முப்பதை எட்டப் போகிறேன், இனி யாருக்குப் பயம்?

கோட்டையிலிருந்து காலை ஆறு மணிக்குச் சற்று முன் புறப்படுகிற ரயிலைப் பிடித்தால் வெயில் ஏறுமுன் கண்டி. வலது பக்கச் சன்னல் கேட்டு வாங்குங்கள். கடுகண்ணாவைக்கு ஏறும்போது பள்ளத்தாக்கு முழுவதும் அந்தப் பக்கம்தான் விரியும். எனக்குக் கிடைத்தது இடது பக்கம். பாறைச் சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லவேண்டியதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். பேராதனை வருவதற்குள் நாலு விதமாகச் சொல்லிப் பார்த்தாயிற்று, நாலுமே பைத்தியக்காரத்தனமாக இருந்தன.

கண்டியிலிருந்து மடுல்கெல்லை முப்பது கிலோமீற்றருக்குக் கிட்ட. வத்தேகம, பன்வில வழியாகப் போகிற பஸ். நிற்குமிடம் அடிக்கடி மாறுவதால் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை மணித்தியாலம் என்பார்கள், இரண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். பன்விலக்கு மேலே வளைவு வளைவாக ஏறும், வயிறு பலவீனமானவர்கள் முன்னால் உட்காருவது நல்லது. கடைசி இரண்டு கிலோமீற்றருக்கு ஓட்டோ பிடித்தேன்.

"கல்யாண வீட்டுக்கா? ஏறுங்க. லெச்சுமி அக்கா வீட்டு விசேஷம்னா நாங்களும் சொந்தந்தான்" என்றார் ஓட்டோக்காரர். "நீங்க யாழ்ப்பாணமா? பேச்சுல தெரியுது. மாப்பிள்ளைக்கு என்ன ஒறவு?"

"சிநேகிதம்" என்றேன். வேறு எதைச் சொல்வது?

லெச்சுமி அம்மாதான் ரமேஷுக்கும் செல்வனுக்கும் தாய். முப்பது வருடத்துக்கு மேல் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து இரண்டு ஆண்பிள்ளைகளையும் படிக்கவைத்த மனுசி. வாசலில் என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே கூட்டிப்போனார். "மலை ஏறி வந்த புள்ள, மொதல்ல தேத்தண்ணி குடி." அடுப்படியில் கிரைண்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த செல்வன் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். கையெல்லாம் உழுந்து மா. "நாளைக்கு வேலையெல்லாம் முடியட்டும், ஒங்ககிட்ட ஒரு விசயம் பேசணும்" என்றார். எனக்கு அதற்குப் பிறகு தேநீரில் சீனி போட்டிருந்தார்களா இல்லையா என்றே தெரியவில்லை.

மறுநாள் காலை தோட்டத்துக் கோயிலில் முகூர்த்தம். மழை பிடித்துக்கொண்டது. கம்பளையிலிருந்து வரவேண்டிய சித்தப்பா குடும்பம் வத்தேகமயில் வான் வண்டி பழுதாகி நிற்பதாகப் போன் வந்தது. பூமாலையும் அந்த வானில்தான். செல்வன் மோட்டார் சைக்கிளில் மாலை எடுக்கப் பறந்தார். மாலை ஒருவழியாக வந்துவிடும், வேறு ஒரு சிக்கல்தான் பெரிது என்று பிறகுதான் விளங்கியது. மாப்பிள்ளை தாலியில் முதல் முடிச்சைப் போட, மற்ற இரண்டையும் அவருடைய தங்கை போடவேண்டும். நாத்தனார் முடிச்சு என்று பெயர். ரமேஷுக்குக் கூடப்பிறந்த தங்கை இல்லை. அதற்கென்று ஏற்பாடு செய்திருந்த சித்தப்பா மகளும் அந்த வானில்தான்! அவளையும் ஏற்றிவரச் சொல்லச் செல்வனுக்கு அழைத்தால், மழையில் அவர் போனை எடுக்கவில்லை.

"நல்ல நேரம் போகுதும்மா. கோயில்ல இருக்கிற மாலையப் போட்டுக்குவோம். ஆனா முடிச்சுக்கு யாரையாச்சும் நிறுத்துங்க" என்று ஐயர் அவசரப்படுத்தினார்.

லெச்சுமி அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். "ஒரு பொம்பளப் புள்ளயப் பெக்காம போயிட்டேனே!"

எனக்குப் பொறுக்கவில்லை. "நான் போடட்டே அம்மா?" என்று முந்திக்கொண்டு கேட்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வருங்கால மாமியார் மனதில் இடம்பிடிக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது என்றுதான் கணக்குப் போட்டேன். எங்கள் பக்கம் நான் பார்த்த கலியாணங்களில் தாலி கட்டும்போது பக்கத்தில் நின்று கைகொடுப்பவர் யாரென்று எவரும் பெரிதாகப் பார்த்ததில்லை. இதுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். மேளம் முழங்க, இரண்டு முடிச்சும் இறுக்கிப் போட்டேன். நிமிர்ந்தால், கோயில் வாசலில் செல்வன். இரண்டு கையிலும் மாலை, உடம்பெல்லாம் மழைத்தண்ணீர். சனமெல்லாம் அரிசி தூவ, அவர் மட்டும் அசையாமல் நின்றார்.

பெண் வீட்டார் எனக்குத் தட்டில் வைத்து ஒரு சேலை தந்தார்கள். பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கினேன். சாப்பாட்டுப் பந்தியில் "மாப்பிள்ளையோட தங்கச்சிக்கு இன்னொரு அப்பளம் வை" என்றார்கள். அதையும் ரசித்துச் சாப்பிட்டேன், மக்கு!

கோயில் மண்டபத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவுகிற இடத்தில்தான் செல்வன் பிடித்தார்.

"என்னங்க பண்ணிட்டீங்க?"

"ஏன், பிழையாக் கட்டிட்டேனோ?"

"கட்டுனது சரியாத்தான் கட்டுனீங்க. அந்த முடிச்சப் போட்டவங்க இந்த வீட்டுக்கே பொண்ணு. எங்கண்ணனுக்குத் தங்கச்சின்னா எனக்கு யாரு?"

"இது ஒரு சடங்குதானே செல்வன்? எங்கட ஊரில இதையெல்லாம்..."

"ஒங்க ஊர்ல இல்லையே. சாமி முன்னாடி, தோட்டமே பாத்துச்சு." கழுவி வைத்திருந்த வாளியை எடுத்து மறுபடி கழுவினார். "இன்னைக்கு ராவைக்கு அம்மாகிட்ட நம்ம விசயத்தச் சொல்லலாம்னு இருந்தேங்க."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்களே, அதைவிடப் பொருத்தமாக எனக்கு எதுவும் தெரியவில்லை.

அப்போதும் எல்லாம் போய்விடவில்லை. அடுத்தநாள் காலை லெச்சுமி அம்மாவிடம் இரண்டு பேருமாகச் சொல்லிவிடுவது என்று பேசிக்கொண்டோம். அவர் ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். நான் "அம்மா, ஒரு விசயம்" என்று தொடங்கினேன். அவர் மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்து என் தலையைத் தடவினார். "நேத்து ராத்திரி நான் நிம்மதியாத் தூங்குனேன் புள்ள. நான் செத்தா மார்ல அடிச்சி அழறதுக்கு ஒரு மக இல்லையேன்னு இத்தன வருசமா நெனச்சுக்கிட்டு கெடந்தேன். இனிமே இருக்கா." நான் செல்வனைப் பார்த்தேன். செல்வன் ரொட்டியைப் பார்த்தார். அவர் சொல்வார் என்று நானும், நான் சொல்வேன் என்று அவரும். இரண்டு கோழைகள்! "என்ன விசயம்?" என்றார் அம்மா. "ரொட்டி நல்லாயிருக்கு" என்றேன்.

பன்வில வரை செல்வன் மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். வழியில் நக்கிள்ஸ் மலை முகில் விலகித் தெளிவாகத் தெரியும் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். தெரிந்திருக்கலாம், நான் அவருடைய முதுகைத்தான் பார்த்தேன். பஸ் புறப்படும்வரை நின்றார், கை காட்டவில்லை.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. வைகாசியில் பிற்பகல் மழை தப்பாது, குடையோடு போங்கள். தேயிலைக்குள் நடப்பதானால் அட்டை கடிக்காமலிருக்க உப்போ சவர்க்காரமோ வைத்துக்கொள்ளுங்கள். மாலை மங்கினால் பஸ் குறைவு, நாலு மணிக்குள் மலையிலிருந்து இறங்கிவிடுங்கள். கலியாண வீட்டில் யாராவது ஏதாவது செய்யச் சொன்னால், செய்தால் என்ன முறை வரும் என்று ஒரு வார்த்தை கேளுங்கள். மனதில் இருப்பதைச் சொல்வதற்கு மட்டும் நல்ல நேரம் பார்க்காதீர்கள், போனவுடனே சொல்லிவிடுங்கள். நான் இதைத் தினமும் நினைக்கிறேன்.

போன கிழமை லெச்சுமி அம்மா அழைத்தார். "ஒன் சின்னண்ணனுக்குக் கம்பளையில பொண்ணு பேசி முடிச்சாச்சு. நல்ல புள்ள. ஐப்பசியில கல்யாணம். இந்தத் தடவ யாரையும் தேடி அலைய வேண்டாம், நீ வந்து நின்னாத்தான் தாலி ஏறும்." சொல்லிவிட்டுப் போனைச் செல்வனிடம் கொடுத்துவிட்டார். அவர், "வருவீங்களா?" என்றார். பக்கத்தில் அம்மா நிற்பது எனக்குத் தெரியும்.

"ஓம், வாறன் அண்ணா" என்றேன்.