ஸ்டோர் ரூமில் இருந்த பொருள்

ஊசி போடத் தெரியாது, நாடி பிடிக்கத் தெரியாது. ஆனாலும் பிரேசிலின் ரெசிஃபே நகரில் பத்து மாடி கட்டி விற்றவனை எல்லோரும் 'டாக்டர்' என்றுதான் கூப்பிட வேண்டும். அப்படிப்பட்ட டாக்டர் தர்சீசியோவின் அலுவலகத்தில்தான் ஜுசினெய்டிக்கு முதல் வேலை. கட்டடக்கலை படித்து முடித்த கையோடு சேர்ந்தாள். கடலைப் பார்த்த அடுக்குமாடி வீடு ஒன்றின் வரைபடத்தை அவளிடம் கொடுத்தார்கள். சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தை ஒட்டி, ஒரு கட்டில் மட்டும் நுழைகிற பொந்து. வேலைக்காரி படுக்கிற இடம். ஜுசினெய்டி அதில் 'படுக்கையறை' என்று எழுதினாள்.

"யாரும்மா இத எழுதினது?" டாக்டர் தாளைத் தூக்கிக் காட்டினார். "படுக்கையறைன்னு போட்டா சட்டப்படி ஜன்னல் வைக்கணும். ஸ்டோர் ரூம்னு போடு."

"அங்க ஆள்தானே படுக்கப்போறாங்க, டாக்டர்?"

"தாராளமா படுக்கட்டும். நான் வேணாம்னா சொன்னேன்? தாள்ல ஸ்டோர் ரூம். அவ்வளவுதான்."

என்ன அநியாயம் பாருங்கள்! இவர் ஒருவர்தான் இப்படி என்றில்லை. ஊரில் பாதிப் பேர் இந்தத் தில்லுமுல்லில்தான் பிழைத்தார்கள். ஜுசினெய்டியின் அம்மா ஒஸ்மரீனா அப்படியொரு பொந்தில் முடங்கிக் கிடந்துதான் மகளைப் படிக்க வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இபுரா மேட்டிலிருக்கும் வீட்டுக்கு வருவாள், வந்ததும் தூங்கிவிடுவாள். அதே பொந்தைத் தன் கையாலேயே வரைய ஜுசினெய்டிக்கு மனசு வரவில்லை. பென்சிலை மேசையில் போட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

ரோஷம் சோறு போடுமா? கொஞ்ச காலம் கார்னிவல் வண்டிகளுக்கு அலங்காரம் செய்தாள். பிறகு பழைய சர்க்கரைக் கிடங்கு ஒன்றுக்குள் அலையாத்திக் காட்டையே கண்காட்சியாகக் கட்டினாள். உள்ளே நுழைந்தால் கும்மிருட்டு, காலடியில் சேறு வழுக்கும், நாலு பக்கமும் நண்டு நடக்கிற சத்தம். வந்தவர்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அலறினார்கள், சிரித்தார்கள், மறுபடியும் வரிசையில் வந்து நின்றார்கள். நின்று பார்க்கிற இடமில்லை, ஆளையே விழுங்குகிற இடம் என்று பத்திரிகைகள் எழுதின. சாவோ பாவுலோ கூப்பிட்டது, லிஸ்பன் கூப்பிட்டது. வெளியூர்க்காரன் கைதட்டினால்தானே உள்ளூர்க்காரன் கண்ணைத் திறப்பான்? டாக்டர் தர்சீசியோவும் திறந்தார். துறைமுகத்துப் பக்கம் அவருக்கு ஒரு பெரிய கூடம் இருந்தது. "நம்ம ஆபீஸ்ல இருந்த பொண்ணு" என்று ஊரெல்லாம் பெருமையடித்து, 'ரெசிஃபேயின் வீடு' என்று ஒன்று செய்து தரச் சொன்னார். வேலை முடியும்வரை யாரும் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்றாள். தலையாட்டினார்.

அவள் கட்டியது அந்தப் பொந்தை. ஒரு தடவைக்கு ஒரே ஆள்தான் உள்ளே போகலாம். கதவு சாத்திக்கொள்ளும். காலை நீட்ட முடியாத கட்டில், தலைமாட்டில் துடைப்பம், ஈரத்துணிப் புழுக்கம். சுவருக்கு அந்தப் பக்கம் சாப்பாட்டு மேசைச் சிரிப்பு. கண் அயர்ந்தால் மணி அடிக்கும்: கூப்பிடுகிறார்கள், ஓடு! கதவில் 'ஒஸ்மரீனாவின் படுக்கையறை' என்று பலகை மாட்டினாள். தாளில் அழிக்கச் சொன்ன சொல்லை ஊரறிய அம்மாவுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

திறப்பு விழா அன்று பலகையைப் பார்த்த டாக்டருக்கு வேர்த்துக் கொட்டியது. ஆளை ஓடவிட்டு, 'ஸ்டோர் ரூம்' என்று பித்தளையில் வேறு பலகை வரவழைத்தார்.

"இத மாட்டு. நான் வித்த வீடெல்லாம் இப்படித்தான் பதிவாயிருக்கு. நாளைக்கு எவனாவது கேஸ் போட்டா நீயா வந்து நிப்பே? மாட்டலன்னா கூடத்தப் பூட்டிருவேன்."

"பூட்டுங்க. பத்திரிகைக்காரங்க வாசல்லதான் நிக்கறாங்க. அவங்க கண்ணு முன்னாடியே பூட்டுங்க."

அப்போது ஒஸ்மரீனா வந்து சேர்ந்தாள். சர்ச்சுக்குப் போகிற பூப்போட்ட உடுப்பு. காவலாளி அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பியிருந்தான். அவள் கேள்விகூடக் கேட்கவில்லையாம், பழகிப்போன வழி! ஜுசினெய்டிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அம்மா பலகையை எழுத்துக் கூட்டிப் படித்தாள். முகம் சுருங்கியது.

"யாரோட படுக்கையறைடி இது?"

"உன்னோடதுதாம்மா. உள்ள வந்து பாரு."

"என் படுக்கையறை இபுராவுல இருக்கு. படுத்துக்கிட்டே மாமரத்தப் பாப்பேன். இங்க நான் துடைப்பத்தோட துடைப்பமா கெடந்தேன். ஏதோ எனக்கு ரூம் குடுத்து வச்சிருந்த மாதிரி எழுதியிருக்கியே, உனக்கு வெக்கமா இல்ல? கெடந்தது போதும். உள்ள வரமாட்டேன்."

பளாரென்று அறை வாங்கியதுபோல ஜுசினெய்டி நின்றாள். இத்தனை வருஷம் யாருக்காகக் கொதித்தாளோ, அவளே முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அம்மா சொன்னதில் தப்பும் இல்லை. நல்ல பெயரைச் சூட்டி அந்தப் பொந்தைக் கௌரவப்படுத்தியது தானேதான் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பலகையைக் கழற்றினாள்.

"இப்பத்தான் புத்தி வந்துச்சு" என்று டாக்டர் பல்லெல்லாம் தெரியப் பித்தளைப் பலகையை நீட்டினார். வாங்கி மாட்டினாள். பையிலிருந்து மார்க்கரை எடுத்து, கதவில் அதற்குக் கீழே பெரிதாக எழுதினாள்: 'இதில் போட்டு வைத்திருந்த பொருள்: என் அம்மா ஒஸ்மரீனா.'

"ஐயையோ, அழி அத! வேணும்னா படுக்கையறைன்னே போட்டுக்கோ!"

"அது எப்படி, டாக்டர்? ஜன்னல் எங்க இருக்கு?"

அம்மா அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"ஆமா, இதுதான் நெஜம்" என்றாள். உள்ளே மட்டும் போகவில்லை.