மானேஜர் அறைப் பேனா

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். உடுமலைப்பேட்டையில் பருத்தி அரைக்கும் வேலை; மலையிலிருந்து மின்சாரம் இறங்கியபோது ஊர் ஊராகக் கம்பி இழுக்கும் வேலை. அதுவும் முடிந்ததும் பெரியநாயக்கன்பாளையம் பக்கம் ஒரு பஞ்சாலையில் வயர்மேனாகச் சேர்ந்தேன். படுக்கக் கொட்டகை கிடைத்தது, போதும்.

அந்த ஆலைப் பாய்லரின் புகைபோக்கியில் ஒரு பெட்டியைப் பொருத்தினார்கள். புகையில் கரியமில வாயு எவ்வளவு இருக்கிறது என்று அது அளக்கும். கரி நன்றாக எரிந்தால் அளவு ஏறும், வீணாக எரிந்தால் இறங்கும். சென்னையிலிருந்து வந்த கம்பெனி ஆள் பெட்டிக்கு ஈய முத்திரை வைத்துவிட்டுப் போனார். வெளியே தெரிந்தவை இரண்டு பித்தளைத் திருகுகள்தான். அவற்றிலிருந்து ஒயர் இழுத்து, மானேஜர் அறையிலிருந்த பதிவுக் கருவியில் சேர்த்தேன். அதில் ஒரு பேனா, நகரும் காகிதத்தில் நாளெல்லாம் கோடு போடும்.

பாய்லருக்குக் கரி போட்ட பயர்மேன் துடியலூர்க்காரர். என்னைவிட மூத்தவர். நான் ஒயர் அடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தவர், "நான் இங்க அடுப்பெரிக்க, ஒரு மாமியாளக் கொண்டுபோயி அங்க உக்கார வெச்சுப்போட்டீங்களே தம்பி" என்றார். ஆனால் மாமியார் அவரைக் குறை சொல்லவில்லை. கோடு மேலேயே ஓடியது. அவருக்கும் பெட்டியின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

ஆயுத பூஜைக்கு இயந்திரங்களையெல்லாம் கழுவிச் சந்தனம் வைத்தோம். அவர் பெட்டியையும் விடவில்லை. திருகுகள் கறுத்திருப்பதைப் பார்த்து, வீட்டுக் குத்துவிளக்குக்குச் செய்வதுபோலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்துப் பொன்னாக்கினார். தண்ணீரும் ஊற்றினார்.

ஆலை மறுபடி ஓடியபோது பேனா அடியில் கிடந்தது. தீயில் குறையில்லை. மானேஜர் கூப்பிட்டுக் கண்டித்தார். பயர்மேன் காற்றுக் கதவைத் திறந்து பார்த்தார், மூடிப் பார்த்தார், கரும்புகைதான் வந்தது. நான் திருகுகளைச் சுரண்டித் துடைத்தேன். ஒயரைக் கழற்றி, அதன் முனைகளை ஒரு டார்ச் செல்லில் தொட்டுப் பார்த்தேன். மானேஜர் அறையில் பேனா துள்ளியது. ஒயரும் பேனாவும் சரி. புளித்தண்ணீர்தான் திருகோடு உள்ளே இறங்கியிருக்க வேண்டும். முத்திரையை உடைக்கக் கம்பெனி ஆளுக்கு மட்டுமே உரிமை.

பயர்மேனிடம் சொன்னேன். ஆலை கொடுத்த லைன் வீட்டில் அவர் மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். வேலை போனால் அந்த வீடும் போகும்.

"புளி போட்டேன்னு சொல்லிப்போடாதீங்க தம்பி. பொட்டியக் கெடுத்தவன்னு இன்னைக்கே அனுப்பிப்போடுவாங்க. காஞ்சா ஏறிக்குமுங்க."

அது ஐப்பசி. மழை விடவில்லை. எதுவும் காயவில்லை.

பெட்டியில் ஈரம் ஏறியிருக்கிறது என்று மட்டும் மானேஜரிடம் சொன்னேன். "கம்பெனி ஆள் வரட்டும். பேனாவுக்கு ஆரு மேலயும் பகையில்லையப்பா" என்றார்.

கம்பெனி ஆள் வருவதற்குள் ஈரோட்டிலிருந்து புது பயர்மேன் வந்துவிட்டார். பழையவர் தன் மகளை வண்டியில் ஏற்றி, சாக்கை மேலே போர்த்தினார். பாத்திர மூட்டையை நான் தூக்கிக் கொடுத்தேன்.

"ஏறுச்சுங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்ணா."

பிறகு கம்பெனி ஆள் வந்து முத்திரையை உடைத்து, உள்ளே பிடித்திருந்த பச்சைக் களிம்பைத் துடைத்துக் காயவைத்தார். பேனா பழைய இடத்துக்கு ஏறியது. மானேஜர் காகிதத்தைக் காட்டி, புது ஆளின் கைவாகு என்றார். மறைக்க இனி ஒன்றுமில்லை என்று நினைத்து, பழையவர் தீயில் தப்பே இல்லை, புளிதான் காரணம் என்று சொன்னேன்.

"அப்பப் பொட்டியக் கெடுத்ததும் அந்தாளுதானா?" என்றார் மானேஜர். இரண்டாவது பாய்லருக்கும் ஒரு பெட்டி வருகிறதாம். ஒயர் எவ்வளவு வேண்டும் என்று கேட்டார்.

சுவரோரமாக நடந்து அளந்து, வந்து சொன்னேன்.