மச்சிக்குக் கிடைத்த கடை

டீசலுக்கும் கேஸுக்கும் ஊரே வரிசையில் நின்ற வருடம் அது. உம்மாவின் தம்பியான எங்கள் மாமா, காத்தான்குடி வாவிக்கரையில் வர்த்தகக் கண்காட்சி நடத்தியே தீருவேன் என்று கிளம்பினார். யாபாரம் படுத்துக் கிடக்கும்போதுதான் ஆட்களைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்பது அவர் கட்சி. கடைக்காரர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். பந்தல் எழுந்த பிறகு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள், சாரன் துணிக்கடை வைத்திருந்த என் வாப்பா உட்பட.

"யாபாரமே இல்ல மச்சான், இதுக்குள்ள கண்காட்சி ஒரு கேடா?" என்றார் வாப்பா. மாமா எழும்பிப் போய்விட்டார்.

வாசல் ஸ்டோல், முதல் கடையே, காலியாகக் கிடந்தால் கொழும்பிலிருந்து வருகிறவர்கள் சிரிக்க மாட்டார்களா? மாமா வீட்டிலிருந்தே பொருள் கொண்டுவந்து நிரப்பினார். தேக்குக் கட்டில், கண்ணாடி அலுமாரி, தையல் மெஷின், பொன்விளிம்புக் கோப்பைகள். எல்லாம் அவருடைய மூத்த மகளின் கல்யாணத்துக்கென்று வாங்கியவை. எனக்கு அக்கா முறையான அந்த ராத்தாவே 'விற்பனைக்கு அல்ல' என்று அட்டை எழுதி மாட்டினாள். நடுவில், சுழல் கதிரையில் உட்கார்ந்தபடி, அவளுடைய தங்கை. என் வயதுதான், என் மச்சி!

எனக்கு வயிறு பற்றி எரிந்தது. என்ன பெரிய ராணியா இவள்? பத்து வரை ஒழுங்காக வாய்ப்பாடு சொல்லத் தெரியாதவள் முதலாளியாம். அலுமாரிக் கண்ணாடியில் முகம் பார்க்கப் போன என்னையும் அதட்டினாள்.

"தொடாத புள்ள! ஆசையெண்டா ஒங்கட வாப்பாட்டச் சொல்லி ஒரு ஸ்டோல் எடு."

அன்றிரவு வாப்பாவோடு நான் பேசவே இல்லை.

கடைசி நாள் பின்னேரம் பந்தல்காரரும் ஜெனரேட்டர்காரரும் மாமாவைச் சூழ்ந்து நின்று காசு கேட்டார்கள். பிறகு மாமா அந்த அட்டையைக் கழற்றினார். கொழும்பு ஆள் ஒருவரின் லொறியில் கட்டிலும் அலுமாரியும் மெஷினும் ஏறின. கதிரையும் ஏறியது. மச்சி தேம்பித் தேம்பி அழுதாள். முதலாளி வேலை பறிபோனதற்கு அழுகிறாளாக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோனது.

ராத்தா பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இதுதான் சமயம் என்று அவளிடம் போனேன்.

"ராத்தா, அடுத்த முறை கடையில நான் இருக்கட்டா?"

அவள் லொறி போன திசையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம், இரி" என்றாள்.

இவ்வளவு லேசில் சம்மதித்துவிட்டாளே என்று நான் துள்ளிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.