பாதி சீட் டிரைவரும் பர்ஃபாமன்ஸ் ஸ்கூலும்

ஷேர் ஜீப் ஓட்டுகிறவனுக்கு டிரைவர் சீட்டில் பாதிதான் சொந்தம்; மீதிப் பாதி டிக்கெட்டுக்குப் போய்விடும்.

ஜவ்வாது மலையில் ஜீப் ஏறியவர்களுக்கு இது தெரியும். எனக்கு இடதுபுறம் மூன்று பேர். அதில் ஒருவர் கியர் ராடைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். வலதுபுறம், எனக்கும் கதவுக்கும் நடுவில், இன்னொருவர். இடையில் மாட்டிய நான் இடதுபக்கம் சாய்ந்தபடி பதினாறு வருடமாக ஓட்டுகிறேன். ஷேர் ஆட்டோ, மினி வேன், டவுன் பஸ் என்று எதை ஓட்டிப் பிழைக்கிறவராக இருந்தாலும் சரி, இடுப்பு வலியைப் பற்றி உங்களுக்கு நான் பாடம் எடுக்கத் தேவையில்லை. சொல்ல வந்தது வேறு. நாலு டயர் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொண்டுபோய், ரேஸ் ஓட்டுகிறவர்கள் நடத்தும் பர்ஃபாமன்ஸ் டிரைவிங் ஸ்கூலில் கட்டிவிட்டு வந்தவன் நான். அது தகுமா தகாதா என்று எங்கள் ஸ்டாண்டில் இன்னும் பஞ்சாயத்து ஓடுகிறது. நீங்களும் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

ஏழாவது வளைவு

நல்ல மழை. ஜமுனாமரத்தூரிலிருந்து நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். பதினோரு பேர், இரண்டு மூட்டை புளி, ஒரு ஆடு. என் வலதுபக்கம் கோவிந்தன். சாமை வாங்கி விற்கிற வியாபாரி, ஆள் நல்ல கனம். அந்த அரை சீட்டுக்குத் தன் பெயரில் பட்டா இருப்பது போல நடந்துகொள்வார். வேறு யாராவது அங்கே ஏறிவிட்டால் அவர்கள் இறங்கும்வரை ரோட்டிலேயே நின்று முறைப்பார். ஏறியதும் தூங்கிவிடுவார்.

ஏழாவது கொண்டை ஊசி வளைவில் எதிரே மினி பஸ் வந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடித்தேன். முழங்கை கோவிந்தனின் தொப்பையில் முட்டியது. பிரேக்கை ஏறி மிதித்தேன். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டே போய், முன் சக்கரம் ஓரக்கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் மரங்களின் உச்சி மட்டும்தான் தெரிந்தது. ஆடுகூடக் கத்தவில்லை. அப்போதுதான் கோவிந்தன் கண்ணைத் திறந்து சுற்றிலும் பார்த்தார். "இன்னா டிரைவரே, பஸ்ஸுதான் போய்ட்ச்சே, கெளம்பு. நெனச்ச எடத்துல நிறுத்திகினே இருந்தா எப்ப வூடு போய்ச் சேர்றது?"

சிலபஸில் இல்லாதது

அன்றிலிருந்து ஏழாவது வளைவு நெருங்கினாலே என் வலது கால் தானாக நடுங்க ஆரம்பித்தது. மழை இல்லாத நாளிலும் நடுங்கியது. கால் நடுங்குகிறவன் பதினோரு உயிரை ஏற்றிக்கொண்டு மலை ஏறக் கூடாது. இது யாரும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயம் இல்லை. ஜீப்பை விற்றுவிடலாமா என்று யோசித்தேன். விற்றுவிட்டு என்ன செய்வது என்று யோசித்தபோது மண்டை காலியாக இருந்தது. எனக்கு வேறு எந்த வேலையும் தெரியாது.

அந்த வாரத்தில்தான் ஒரு சிவப்புக் கார் மலைக்கு வந்தது. தரையை நக்கிக்கொண்டு போகிற உயரம். ஐந்தாவது வளைவில் பஸ்ஸுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு, பின்னால் வரத் தெரியாமல் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து காது கூசுகிற மாதிரி பேசிக்கொண்டிருந்தார். நான்தான் ஏறி உட்கார்ந்து காரைப் பின்னுக்கு எடுத்துக் கொடுத்தேன். சென்னைக்காரர், நல்ல மனுஷன். கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் பற்றிக் கேட்டதும் உற்சாகமாகிவிட்டார். ரேஸ் ட்ராக்கில் இரண்டு நாள் பயிற்சியாம். மழையில் வழுக்குகிற வண்டியை எப்படித் திருப்புவது என்றுகூடச் சொல்லித் தருவார்களாம். என் காது நிமிர்ந்துகொண்டது. கட்டணம் எவ்வளவு என்றேன். சொன்னார். நாலு டயர். "இவ்ளோ கட்டிக் கத்துக்கினு, பின்னால வரத் தெரியலியே சார்?" என்று கேட்டேவிட்டேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை. "அங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போவோம்ணா, ரிவர்ஸ் சிலபஸ்லயே இல்ல."

வேஷம் யார் செலவு?

ஸ்டாண்டில் வாயை விட்டது என் தப்பு. "பர்ஃபாமன்ஸ் ஸ்கூலு" என்று சொன்னதும் டீக்கடைப் பக்கம் இருந்தவர்கள்கூட வந்துவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் பர்ஃபாமன்ஸ் என்றால் கூத்துதான். விடிய விடிய ஆடினால் அது பர்ஃபாமன்ஸ். கார் ஓட்டுவதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் புரியவில்லை. எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. "வேஷம் அவங்களே குடுப்பாங்களா, நாம எட்த்துகினு போவணுமா?" என்று கோவிந்தன் அக்கறையாகவே விசாரித்தார்.

பாஷா பாய் போளூர்க்காரர். ஸ்டாண்டில் எனக்கு முன் வரிசை, என்னுடையதைவிடப் பத்து வருஷம் மூத்த ஜீப். அவர் மட்டும் சிரிக்காமல் டீயை முடித்தார். கிளாஸை வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "பன்னெண்டு பேர ஏத்திகினு, நாமளும் தொங்கிகினு தெனம் மலை ஏறுறோமே, இதவிட இன்னா பர்ஃபாமன்ஸு? நியாயமா அவன்தான்ப்பா நமக்குக் காசு குடுக்கணும்."

டயரா, நானா

என் மனைவி செல்வி முதல் நாள் இரண்டே வார்த்தையில் முடித்துவிட்டாள். டயர் ரோட்டைப் பிடிக்கும், ஸ்கூல் எதைப் பிடிக்கும் என்று கேட்டாள். நான் சோற்றைப் பிசைந்தேன். டயர் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது.

மறுநாள் ரேஷன் அட்டை வேலையாக அவளும் என் ஜீப்பில் வந்தாள். பின் சீட்டில்தான் உட்கார்ந்திருந்தாள். ஏழாவது வளைவில் நான் வண்டியை ஊர்ந்து செலுத்தியதையும், தாண்டியதும் ஓரம் கட்டி முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டதையும் அவள் பார்த்துவிட்டாள். மற்றவர்களிடம் இன்ஜின் சூடு என்று சொன்னேன். எனக்கு அவமானமாக இருந்தது. மறுநாள் காலையில் டயர்ப் பணத்தை எடுத்து வந்து என் சட்டைப் பையில் திணித்தாள். "டயரு தேஞ்சா வேற வாங்கிக்கலாம். நீ தேஞ்சி போய்ட்டா நான் எந்தக் கடையில போய்க் கேக்கறது? போய்ட்டு வாய்யா."

உட்காரும் பாடம்

நான் ட்ராக்கில் போய் இறங்கியபோது என்னையும் சேர்த்து எட்டுப் பேர் இருந்தார்கள். மற்ற ஏழு பேரின் வாட்சை விற்றால் என் ஜீப்பை வாங்கலாம். எங்கள் கோச் சுறுசுறுப்பான பெண், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதல் ஒரு மணி நேரம் உட்காரக் கற்றுக்கொடுத்தார். சத்தியமாக. முதுகு எப்படி, முழங்கை எவ்வளவு மடங்க வேண்டும், கால் எங்கே என்று ஒரு மணி நேரம். ஒரு டயர் பணம் இதிலேயே போய்விட்டது என்று எனக்கு வயிறு எரிந்தது.

பிறகு ஹெல்மெட்டை மாட்டி ஓட்டச் சொன்னார்கள். நல்ல ரோடு, சுத்தமான வளைவு, எதிரே ஒரு ஈ இல்லை. நான் ஒவ்வொரு வளைவுக்கும் விடாமல் ஹாரன் அடித்தேன். கையை வெளியே நீட்டி சிக்னல் காட்டினேன். ஒரு மேட்டுக்கு முன்னால் பழக்கதோஷத்தில் ஜன்னல் வழியாக "பின்னாடி கெட்டியாப் புடிச்சிக்கோங்க" என்று கத்தியும் விட்டேன். பின்னால் சீட்டே கிடையாது. மூன்று சுற்று முடிந்து நின்றபோது கோச் கதவைத் திறந்து பார்த்தார். நான் சீட்டின் இடது ஓரத்தில் ஒருக்களித்து இருந்தேன். வலதுபக்கம் ஒரு ஆள் தாராளமாக உட்காரலாம். "அண்ணா, ஹாரன் விஷயத்த அப்புறம் பேசலாம். முதல்ல, பக்கத்துல யார் உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்லுங்க?"

தண்ணி லாரி மழை

இரண்டாம் நாள் ட்ராக்கில் தண்ணி லாரி வந்து மழை பெய்துவிட்டுப் போனது. நான் காசு கட்டியது இதற்குத்தான். வேகமாக வந்து, பிரேக் பிடித்து, நடுவில் வைத்த பிளாஸ்டிக் கூம்புகளைச் சுற்றித் திருப்ப வேண்டும். என் ஜீப்பைப் போலவே தானாகப் பிரேக்கைப் பார்த்துக்கொள்கிற ஏ.பி.எஸ். வசதி இல்லாத ஒரு பழைய காரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். சக்கரம் சுற்றாமல் இழுபட ஆரம்பித்தால் பிரேக்கை விடு, திருப்பு, மறுபடி மிதி. அவ்வளவுதான் பாடம். முதல் நாலு தடவை அத்தனை கூம்பையும் சாய்த்தேன். வண்டி வழுக்கும்போதெல்லாம் நான் இடதுபக்கம் ஒதுங்கி, கையைப் பாதியோடு நிறுத்திக்கொண்டிருந்தேன்.

ஐந்தாவது தடவை கோச் நான் தளர்வாக மாட்டியிருந்த பெல்ட்டை இறுக்கி இழுத்து என்னைச் சீட்டின் நடுவில் கட்டிவிட்டார். வந்தேன், மிதித்தேன், விட்டேன், திருப்பினேன். கை முழுசாகச் சுற்றியது. ஒரு கூம்பும் விழவில்லை. அப்படியே நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஏழாவது வளைவில் என் கால் தப்புச் செய்யவில்லை. கை சுற்ற இடம் இல்லை, அதுதான் நடந்தது. இத்தனை நாள் நடுங்கிய காலைத் தொட்டுப் பார்த்தபோது அழுகை வந்துவிட்டது. ஹெல்மெட் என்பதால் தப்பித்தேன். கோவிந்தனைப் பற்றியும், தொப்பையைப் பற்றியும், பதினோரு பேரைப் பற்றியும் கோச்சிடம் எல்லாம் சொன்னேன். அவர் கையிலிருந்த நோட்டை மூடினார். "அண்ணா, இதுக்கு நீங்க இவ்வளவு தூரம் வந்திருக்கவே வேணாம். அவர இறக்கி விட்டிருந்தாலே போதும்."

வாந்தி வராத பயணம்

திரும்பி வந்த முதல் நாளே வலதுபக்க இடத்தைக் காலியாக விட்டேன். நடுவில் நிமிர்ந்து உட்கார்ந்து, வளைவை முன்கூட்டியே பார்த்து, மெதுவாக மிதித்து ஓட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது. வாரா வாரம் சந்தைக்கு வருகிற ஒரு அம்மா, ஏறும்போதே பிளாஸ்டிக் கவரைக் கையில் விரித்துப் பிடித்துக்கொள்வார். ஊர் வந்ததும் அந்தக் கவர் காலியாக இருப்பதை இரண்டு தடவை பார்த்தார், சந்தேகமாக என்னையும் பார்த்தார். "இன்னாப்பா இது, இன்னிக்கி வாந்தியே வர்ல. பாதி வழியிலயே எறக்கி வுட்டுட்டியா?"

கோவிந்தன் இடம்

கோவிந்தன் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. பின் சீட்டுக்குப் போங்கள் என்றதும், பத்துப் பேர் முன்னால் மரியாதையைக் கெடுத்துவிட்டதாகச் சொல்லி இறங்கிப் போய்விட்டார். ஸ்கூலில் கொடுத்த சான்றிதழைக் காட்டினேன். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதில் தன் பெயர் எங்கேயும் இல்லையே என்றார். அதற்கப்புறம் மூன்று வாரம் பாஷா பாயின் வலதுபக்கத்தில் குடியேறிவிட்டார். என் ஜீப் கடக்கும்போதெல்லாம் வேறு பக்கம் பார்ப்பார். எனக்கு வருத்தம்தான். ஆனால் இடத்தைத் தரவில்லை.

பாஷா பாய் வண்டி கியர் பாக்ஸ் வேலைக்குப் போன அன்று மழை பிடித்துக்கொண்டது. கோவிந்தனுக்கு வேறு வழி இல்லை. என் பின் சீட்டில், ஒரு ஆட்டுக்குப் பக்கத்தில், உம்மென்று உட்கார்ந்தார். அங்கே அவருக்குத் தூக்கமும் வரவில்லை. ஏழாவது வளைவு. கால் நடுங்கியது, பொய் சொல்லவில்லை. எதிரே அதே மினி பஸ், அதே வேகம். மிதித்தேன், சக்கரம் இழுத்தது, விட்டேன், திருப்பினேன். கை முழுசாகச் சுற்றியது. பஸ்ஸுக்கும் எங்களுக்கும் ஒரு கை அகலம் இருந்தது. ஓரக்கல் எங்கள் பக்கத்தில் தன்பாட்டுக்கு நின்றது. இந்தத் தடவை கோவிந்தன் கண் விழித்து முழுசையும் பார்த்தார்.

இறங்கும்போது நேராக என் கதவுப் பக்கம் வந்து, இரண்டு பேருக்கான சார்ஜை நீட்டினார். ஒரு ஆள்தானே என்றேன். அந்தக் காலி இடத்தைக் காட்டினார். "அதுக்கும் சேத்துத்தான். நான் ஒக்காரலன்னாலும் அது என் எடம். இனிமே நீ வேற எவனயாவது அங்க ஏத்தினன்னு தெரிஞ்சிது, வெட்டிப் போட்டுடுவேன், ஆமா."

ஆகவே, பாதி சீட்டில் பிழைக்கும் நண்பர்களே, ஸ்கூல் தகுமா என்று என்னைக் கேட்டால், உங்கள் வலதுபக்கத்தில் ஆள் இருந்தால் தகும், இல்லையென்றால் பேசாமல் டயர் வாங்கிவிடுங்கள்.