நான் பிடுங்கிய நான்கு ஊசிகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு வெள்ளிக்கிழமை காலை, புக்கிட் செலம்பாவில் எங்கள் வீட்டு முன்னறையில் நடந்தது இது. எனக்குச் சுங்கைப் பட்டாணியில் தொழிற்சாலை வேலை. விடுமுறை நாள்களில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுப்பேன். எடுத்ததை வெட்டி ஒட்டுவதெல்லாம் என் பழைய கணினியில்தான்.

அந்த ஆண்டு சுங்கை லாலாங்கில் ஒரு கல்யாணம் எடுத்தேன். ஒரே மகள். பெண்ணின் அப்பா அன்று முழுக்க மண்டபத்தில் ஓடிக்கொண்டே இருந்தார். வேலை அதிகம் என்று சொல்லிச் சொல்லி அந்தப் படத்தை முடித்துக் கொடுக்காமல் தள்ளிப்போட்டேன். ஆறாவது வாரம் அந்தப் பெண் போன் செய்தார். அப்பா மாரடைப்பில் போய்விட்டாராம்.

"படம்லாம் மெதுவா முடிச்சுக் குடுங்க அண்ணே. பதினாறாம் நாளுக்கு அப்பா பேசுனது ஏதாச்சும் இருந்தா மட்டும் குடுங்க. அவரு போன்ல வாய்ஸ் போடவே மாட்டாரு. அவரு குரல் எங்ககிட்ட இல்லவே இல்ல."

நிச்சயம் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். நானும் வேலைக்குப் போய்வந்துகொண்டு, நாளைக்கு நாளைக்கு என்று இருந்தேன். கடைசி வாரத்தில் கணினியின் கிராஃபிக்ஸ் கார்டு செத்துப்போனது. திரைக்குப் படத்தை அனுப்புவதே அதுதான். தெரிந்தவரிடமிருந்து சற்றுப் புதிய கார்டு ஒன்றை வாங்கி வந்து, வியாழக்கிழமை வேலை முடிந்ததும் மாட்டினேன். என் திரையோ ரொம்பப் பழசு. கார்டுக்கும் அதன் ஒயருக்கும் நடுவில் ஒரு சின்ன அடாப்டர் வேண்டும். அந்த அடாப்டர் புதிய கார்டில் நுழைய மறுத்தது. அதன் ஓரத்திலிருந்த நான்கு மெல்லிய ஊசிகள் இடித்தன. கார்டில் அவற்றுக்குத் துளையே இல்லை. குறடு எடுத்து நான்கையும் பிடுங்கினேன். அடாப்டர் கச்சிதமாக உட்கார்ந்தது. பெரிய கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது, விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. கார்டைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். இருக்கிற ஒயர்களையெல்லாம் உருவிச் செருகினேன். ஒன்றும் வரவில்லை. பழுதுபார்ப்பவர் ஒருவருக்குப் போன் செய்தால், "மதர்போர்டு போயிருக்கும்லா. ஹார்ட் டிஸ்க்கும் போச்சான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும். அடுத்த வாரம் கொண்டாங்க" என்றார்.

பதினாறாம் நாளோ சனிக்கிழமை. கேமராவின் மெமரி கார்டுகளை அழித்து வேறு விசேஷங்களுக்குப் பயன்படுத்தியிருந்தேன். அந்த மனிதரின் குரல் உலகத்தில் எங்காவது இருந்தால், அது இந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னால்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை என் மனைவி தன் தோழியைக் காரில் அழைத்து வந்தாள். இருவரும் ஒரே தேவாலயப் பாடற்குழு. தோழிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. ஜித்ராவில் ஓர் அலுவலகத்தில் கணினி வேலை பார்க்கிறவர், லீவில் வந்திருந்தார். திரையில் படம் வராததற்குக் கண் தெரியாதவரை அழைத்து வந்திருக்கிறாளே என்று மனைவிமேல் கோபம்தான் வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

அவர் நாற்காலியைத் தடவி உட்கார்ந்தார். "ஸ்பீக்கர் எங்கண்ணே?"

"கழட்டி வச்சிட்டேன்மா. படமே வரலியே, சத்தம் எதுக்கு?"

"மாட்டுங்க."

மாட்டினேன். கணினியைப் போடச் சொன்னார். 'பீப்' என்று ஒரே ஒரு சத்தம். அவர் தலையை லேசாகச் சாய்த்துக் காத்திருந்தார். சற்று நேரத்தில் கணினி திறக்கும்போது வரும் இசை ஒலித்தது. நேற்று அது எத்தனை முறை இப்படித் திறந்து எனக்காகக் காத்திருந்ததோ!

"கம்ப்யூட்டர் நல்லாத்தான் இருக்கு. உங்களுக்குத்தான் தெரியல."

"ஸ்கிரீன் இல்லாம எப்படிம்மா?"

"எனக்கு என்னைக்குமே ஸ்கிரீன் கெடையாதுண்ணே. நான் வேல செய்யலியா?"

அவர் சில விசைகளைச் சேர்த்து அழுத்தினார். ஓர் இயந்திரக் குரல், திரையில் வரவேண்டியதையெல்லாம் கடகடவென்று ஆங்கிலத்தில் படிக்கத் தொடங்கியது. அந்த வேகத்தில் எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. அவர் விரல்கள் தயங்காமல் ஓடின. கல்யாணக் கோப்புகள் முழுவதையும் என் வெளி டிஸ்க்கில் நகல் எடுத்து முடித்தார். பிறகு ஒவ்வொன்றாக ஓடவிட்டார்.

கறுப்புத் திரையிலிருந்து நாதஸ்வரம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல், பிள்ளைகள் ஓடும் சத்தம், தட்டுகள் மோதும் சத்தம். பிறகு மேளம் நின்ற ஒரு நொடியில், மிக அருகில், தாழ்ந்த குரலில் ஒருவர் பேசினார்.

"பாப்பா, பசிக்குதா? காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிடலியே. வாழப்பழம் கொண்டாரவா? நான் மறைச்சு நின்னுக்கிறேன், யாரும் பாக்க மாட்டாங்க."

கூடவே மணப்பெண்ணின் அடக்க முடியாத சிரிப்பு.

அன்று கேமராவோடு இரண்டடி தூரத்தில் நின்றவன் நான்தான். மாலை நேராக இருக்கிறதா, வெளிச்சம் சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, இது என் காதில் விழவேயில்லை. என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தோழி கோப்பின் எண்ணைச் சொல்லி, எழுதிக்கொள்ளச் சொன்னார்.

அதோடு விடவில்லை அவர். கார்டின் பின்புறத்தை விரல் நுனியால் தடவினார். அடாப்டரைக் கேட்டு வாங்கி அதையும் தடவினார்.

"அண்ணே, இதுல நாலு ஊசி இருந்திருக்கணுமே?"

உண்மையைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பழைய ஸ்கிரீனுக்குப் படம் போறதே அந்த நாலுலதான். இந்தக் கார்டு அந்த மாதிரிப் படத்த அனுப்பவே அனுப்பாது. அதான் அந்த ஊசிங்களுக்கு ஓட்டையே வைக்கல. டிவிக்குப் போற ஒயரு இருக்கா?"

கூடத்து டிவியின் ஒயரை இழுத்துக் கார்டில் செருகிக் கணினியை மறுபடி போட்டோம். டிவி முழுக்கப் பளிச்சென்று படம் வந்தது. அந்தக் கோப்பைத் திறந்தோம். அப்பா வேட்டியும் வியர்வையில் நனைந்த சட்டையுமாக மகள் காதருகே குனிந்து நின்றார். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தை வரவழைத்தவரோ மனைவியிடம் தேநீருக்குச் சர்க்கரை போதும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பெண் அதை எத்தனை முறை கேட்டார் என்று நான் எண்ணவில்லை. இப்போதெல்லாம் எந்தக் கல்யாணப் படத்தை வெட்ட உட்கார்ந்தாலும், முதலில் திரையை அணைத்துவிட்டு முழுவதையும் ஒருமுறை கேட்கிறேன். எதிரிலேயே நின்றும் எனக்குத் தெரியாமல் போனது எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் மலைத்துப்போகிறேன்.